என் கை இழுத்த கோடு

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கணினியில் அச்செடுத்த வரைபடம். குறுக்கே விநாடிகள், நெடுக ஏழெட்டுக் கோடுகள். உயரத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, மூக்கு எத்தனை பாகை தூக்கியிருந்தது என்பதற்கு ஒன்று. மேலிருந்து நான்காவது கோடு யோக்கினுடையது. விமானி இரண்டு கையாலும் பிடிக்கிற சக்கரத்தைத்தான் நாங்கள் யோக் என்போம். முன்னால் தள்ளினால் மூக்கு தாழும், பின்னால் இழுத்தால் தூக்கும். பாதித் தாள்வரை அந்தக் கோடு அலுங்காமல் ஓடுகிறது. பிறகு ஓரிடத்தில் விறுவிறுவென்று மேலேறி, 11 விநாடி அங்கேயே நிற்கிறது.

அந்த 11 விநாடியும் யோக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது என் கை. ஆனால் இழுத்த நினைவு எனக்கு இல்லை. விசாரணையில் என்னைக் கேட்டபோது, இழுக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

2005 அக்டோபர். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி விமானம். எனக்கு அப்போது 29 வயது, துணை விமானி. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கேப்டன் கோயம்புத்தூர்க்காரர், விமானப்படையில் 20 வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அன்று ஓட்டுகிற முறை என்னுடையது. ஆனால் அந்த உயரத்தில் ஓட்டுவது ஆட்டோபைலட்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிக்கோபாரைத் தாண்டி வங்காள விரிகுடாவின் நடுப்பகுதிக்கு வந்திருந்தோம். 36,000 அடி. பின்னால் 171 பேர், பெரும்பாலும் தூக்கத்தில்.

வானம் மோசம் என்று சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவம் தொடங்கும் நேரம், கடல்மேல் அங்கங்கே மேகக் கோபுரங்கள். ரேடாரில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக இருந்தன, சிவப்பு எங்கும் இல்லை. 20 மைல் இடப்பக்கம் விலகிப் போக அனுமதி வாங்கியிருந்தோம். ரேடாருக்கு நன்றாகத் தெரிவது மழைத்துளி. அந்த உயரத்தில், மேகத்தின் உச்சியில் இருப்பதோ மாவு மாதிரி நுண்ணிய பனிப்பளிங்கு. அது ரேடார் கண்ணில் அநேகமாகப் படாது. இதை நான் பரீட்சைக்குப் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

முதலில் சத்தம் வந்தது. முன்கண்ணாடியில் பொரி வறுக்கிற மாதிரி. மழை என்று நினைக்க வழியில்லை, வெளியே மைனஸ் 50 பாகை. பிறகு கண்ணாடி விளிம்பில் நீலப் பொறி நூல்நூலாக ஓடியது. செயின்ட் எல்மோ நெருப்பு என்பார்கள். மேகத்தின் மின்னூட்டம் விமானத்தின் தோலில் கசிவதுதான், தன்னளவில் ஆபத்தில்லை. மின்சாரக் கம்பி சூடேறினால் வருமே, அப்படி ஒரு மெல்லிய வாசனை. கேப்டன் எட்டி சீட் பெல்ட் விளக்கைப் போட்டார். “பின்னாடி எல்லாரையும் உக்காரச் சொல்லிடுங்க தம்பி” என்றார். வயதில் சின்னவர்களுக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஊர்க்காரர். நான் இன்டர்காமுக்குக் கை நீட்டினேன்.

ஆட்டோபைலட் விடுபட்டது.

விடுபடும்போது ஓர் ஓலம் எழும். சிமுலேட்டரில் நூறு தடவை கேட்ட ஓலம்தான். இருட்டில், கடலுக்கு மேல், எதிர்பாராத நேரத்தில் கேட்டபோது என் முதுகெலும்பு சில்லிட்டது. என் திரையில் வேகம், நாட் என்ற அலகில், 270-லிருந்து இறங்கியது. 220. 160. 90. கேப்டன் பக்கத் திரையிலும் அதே கதை. சமதளமாகப் பறந்துகொண்டிருக்கும் ஒரு ஜெட் ஆறேழு விநாடியில் 180 நாட்டை இழக்கவே முடியாது. வேகத்தை அளப்பது விமானத்தின் மூக்கருகே எதிர்க்காற்றைப் பார்த்து வாய் திறந்திருக்கும் பிட்டோ குழாய்கள். மின்சாரத்தால் சூடேற்றப்பட்டவைதான். அந்தச் சூடு உருக்கித் தள்ளுவதைவிட வேகமாகப் பனிப்பளிங்கு உள்ளே போனால் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் தானே திறந்துகொள்ளும். அதாவது விமானத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இறக்கை பறந்துகொண்டிருந்தது, எங்களுக்கு வேகம் தெரியவில்லை, அவ்வளவே. மூக்கை இருந்த இடத்தில், இரண்டரை பாகையில் வைத்து, எஞ்சினை இருந்த அளவில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. நான் யோக்கைப் பிடித்தேன். இடப்பக்கம் திருப்பினேன், அதிகமாகத் திரும்பியது. வலப்பக்கம், அதுவும் அதிகம். 36,000 அடியில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆட்டத்தைத் தாங்கி அமர்த்தக் காற்று கிடையாது. தரைக்குப் பக்கத்தில் பழகிய கை அங்கே முரட்டுக்கை. அந்த உயரத்தில் நான் ஒருநாள்கூடக் கையால் ஓட்டியதில்லை. அந்தக் காலத்தில் என்னைப் போன்றவர்கள் யாரும் ஓட்டியதில்லை, ஆட்டோபைலட்டோடு பறப்பதுதான் அங்கே விதி.

எனக்கு நினைவிருப்பது இந்த இடவலத் தடுமாற்றம் மட்டும்தான். சாய்வைச் சரிசெய்ய நான் போராடிக்கொண்டிருந்தபோது என் கை வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. யோக்கைத் தன் பக்கம், நெஞ்சுப் பக்கம், கொஞ்சங்கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கு இரண்டரையிலிருந்து 12 பாகைக்குப் போயிற்று. உயரமானி ஏறியது. 36,500. 37,000. இதெல்லாம் எனக்கு முன்னால் திரையில் இருந்தது. நான் பார்க்கவில்லை. என் கண் அந்த வேக எண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு யோக் என் கைக்குள் நடுங்கத் தொடங்கியது.

ஸ்டிக் ஷேக்கர் என்று பெயர். அடியில் இருக்கும் ஒரு மோட்டார் யோக்கையே உலுக்கும். பல் கிட்டுகிற மாதிரி, தட தட தட என்று முழங்கைவரை ஏறும் நடுக்கம். ஸ்டால் வரப்போகிறது என்று விமானம் விமானியின் கையைப் பிடித்துச் சொல்வது அது. ஸ்டால் என்றால் எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதிரே வரும் காற்றை இறக்கை ஓர் அளவான கோணத்தில் சந்திக்கும்வரை காற்று அதன் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு போகும், அது விமானத்தைத் தூக்கும். கோணம் எல்லை மீறினால் காற்று தழுவுவதை விட்டுச் சுழித்துப் பிரிந்துவிடும். அந்த நொடியிலிருந்து இறக்கை வெறும் தகரம். தரையருகே அந்த எல்லைக்குப் பல பாகை இடம் இருக்கும். மேலே, ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும்போது, எல்லை சுருங்கிப்போகும். மெதுவாகப் போனாலும் உலுக்கும், வேகம் கூடினாலும் உலுக்கும். இன்னும் மேலே போகப்போக அந்த இரண்டு எல்லையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அவை சந்திக்கிற இடத்துக்குப் பழைய விமானிகள் வைத்த பெயர் சவப்பெட்டி மூலை. நான் அந்தத் திசையில்தான் 171 பேரை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

ஷேக்கருக்குச் செய்தி சொல்வது பிட்டோ குழாய் இல்லை. விமானத்தின் கன்னத்தில் காற்றின் திசையில் திரும்பும் சிறு தகடு ஒன்று இருக்கிறது, அது கோணத்தை நேராக அளக்கும். அன்று அது பனியில் சிக்கவில்லை, உண்மையைச் சொன்னது. எனக்கோ, வேகம் காட்டுகிற கருவி பொய் சொல்கிறது, ஆகையால் இதுவும் பொய் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

கேப்டன் “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்றார். விதிப்படி அதைக் கேட்டதும் நான் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. மறுபடி சொன்னார். எனக்குக் கேட்டது, புரியவில்லை. அவருடைய யோக்கும் என்னுடையதும் ஒரே அச்சில் இணைந்தவை. அவர் முன்னால் தள்ளுகிறார், நான் பின்னால் பிடித்திருக்கிறேன். இடையில் விமானம் ஒரு தடவை பலமாக அதிர்ந்து, வலது இறக்கை கீழே போயிற்று. வயிறு தொண்டைக்கு வந்தது.

“கைய விடு! தம்பி, கைய விடுடா!”

ஐந்து வருஷம் அவரோடு பறந்திருக்கிறேன். ‘டா’ போட்டது அந்த ஒரே தடவை. கை விட்டது.

அவர் செய்ததைச் சொல்கிறேன். வலது இறக்கை 40 பாகைக்கு மேல் சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்த அவர் அவசரப்படவே இல்லை. முதலில் மூக்கைக் கீழே தள்ளினார். ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் விமானத்தின் மூக்கை, கடலைப் பார்த்து, இன்னும் கீழே. எஞ்சின் விசையைக் கூட்டவில்லை. இறக்கைக்கு அடியில் தொங்கும் எஞ்சின் முழு விசையில் மூக்கைத் தூக்கப் பார்க்கும் என்பதால் கொஞ்சம் குறைக்கவே செய்தார். என் பேனா எழும்பி என் முகத்துக்கு முன்னால் மிதந்தது. தரைவிரிப்பில் இருந்த தூசியெல்லாம் விளக்கொளியில் மேலே வந்தது. எடை இல்லாத அந்த மூன்று நான்கு விநாடியில்தான் இறக்கை மறுபடி காற்றைப் பிடித்தது. ஷேக்கர் நின்றது. அப்போதுதான் இறக்கையை நிமிர்த்தினார். அதற்கும் அப்புறம்தான் மூக்கை, கண்ணாடிக் குடத்தைத் தூக்குகிற மாதிரி, மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார். 31,800 அடியில் சமதளமானோம். 37,300-லிருந்து 5,500 அடி. கீழே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பு. பிட்டோ குழாய்கள் திறந்துகொண்டன. இரண்டு திரையிலும் வேகம், ஒன்றும் நடக்காதது போல, சரியாக வந்து நின்றது. ஆட்டோபைலட் விடுபட்டதிலிருந்து அதுவரை ஒன்றரை நிமிஷம்கூட இல்லை.

அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்டேன். விமானப்படைப் பயிற்சியில், கிரண் விமானத்தில், வேண்டுமென்றே ஸ்டால் ஆக்கிச் சுழலவிட்டு மீட்கச் சொல்வார்களாம். அதைத் திரும்பத் திரும்பச் செய்து, முதுகில் வியர்வை காய்ந்து உப்பாகும்வரை பழகியிருக்கிறார். “உடம்புக்குச் சொல்லிக் குடுக்கோணும் தம்பி. தலைக்குச் சொல்லிக் குடுத்தாப் பத்தாது” என்றார். எனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. சிமுலேட்டரில், 10,000 அடியில், ஷேக்கர் ஆடத் தொடங்கியதும் விசையை முழுக்கக் கூட்டு, மூக்கைப் பிடி, உயரத்தை இழக்காதே. 100 அடிக்கு மேல் இறங்கினால் பரிசோதகர் முகம் சுளிப்பார். உயரத்தை விடாதே, உயரத்தை விடாதே என்று எட்டு வருஷம் என் கைக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். அந்த ராத்திரி கை பாடத்தை ஒப்பித்தது.

மணப்பாறைப் பக்கம் எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகியபோது சித்தப்பா கத்திக்கொண்டே இருப்பார், “தலையத் தண்ணிக்குள்ள வைடா, அப்பத்தான் காலு மேல வரும்.” தலையைத் தூக்கத் தூக்கத்தான் முங்கினேன். அது தெரிந்த பிறகும் எத்தனை நாள் தூக்கினேன்.

சென்னையில் இறங்கியபோது மணி விடியற்காலை மூன்று. ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தோம். பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கையில் நான் பின்னால் போனேன். பின்பக்க அடுக்களைக்குப் பக்கத்தில் கூரைப் பலகை விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலில் நீளமான ஒரு கொத்து முடி சிக்கியிருந்தது. கேபின் பணிப்பெண் ஒருத்தியின் தலைமுடி. நான் இன்டர்காமில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை போய்ச் சேர்வதற்குள் அவள் டிராலியோடு மேலே எறியப்பட்டிருந்தாள். தலையில் ஏழு தையல், கணுக்கால் எலும்பு முறிவு. அவளுடன் வேலை பார்த்த இன்னொரு பெண்ணுக்குத் தோள். கூரையெல்லாம் காப்பிக் கறை. தரையில் ஒற்றைக் குழந்தைச் செருப்பு கிடந்தது, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்த ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், மகன் வீட்டிலிருந்து புதுக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர், என் சட்டைத் தோள்பட்டையில் இருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதானாப்பா ஓட்டுன? மகராசனா இருப்பா. எங்க எல்லாரையும் கொண்டாந்து சேத்துட்டியே.” அவர் பிடித்திருந்தது என் வலது கை. அப்போது எனக்கு வரைபடம் தெரியாது, நான் இழுத்தது தெரியாது. ஆனாலும் அந்தக் கையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. கறுப்புப் பெட்டியின் பதிவை எடுத்து வரைபடமாக்கினார்கள். அதை மேசையில் என் முன்னால் திருப்பி வைத்தவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. நான்காவது கோட்டில் விரலை வைத்தார். நான் பார்த்தேன். முதலில், தாள் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு விமானத்தினுடையதோ என்று தேதியைப் பார்த்தேன். விமானம் பேசுகிறது, என் கை செய்ததை எனக்கே சொல்கிறது, எனக்குத் தெரியவில்லை என்றால் நான் யார் என்று ஒரு பயம் வந்தது. கடலுக்கு மேல் வராத பயம் அது.

நிர்வாகம் எனக்குக் கூடுதல் சிமுலேட்டர் பயிற்சி கொடுத்து மறுபடி பணியில் சேர்த்தது. அந்தப் பயிற்சியும் பழைய பயிற்சிதான், 10,000 அடி, 100 அடி. ஸ்டாலுக்குள் முழுக்கப் போன விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்தச் சிமுலேட்டருக்கே தெரியாது. நடந்ததைப் பற்றி வெளியே பேச வேண்டாம் என்றார்கள், பேசவில்லை. கேப்டன் தன் அறிக்கையில் ‘துணை விமானி’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை, ‘விமானிகள்’ என்றே எழுதியிருந்தார். பணி ஓய்வு பெற்ற நாளில் வரைபடத்தின் பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்தார். “வச்சுக்குங்க தம்பி. ஒருநாள் ஆகும்” என்றார்.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரீசுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கின் மேல் காணாமல் போனது. ஏர்பஸ் ஏ330, 228 பேர். 35,000 அடி, ராத்திரி, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து மேகங்கள். அந்த முதல் நாளே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2011-ல், 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து பதிவுக் கருவிகளை எடுத்தார்கள். பிரெஞ்சு விசாரணை அமைப்பின் இறுதி அறிக்கை 2012 ஜூலையில் வந்தது. அன்று ராத்திரி சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிட்டோ குழாய்களில் பனிப்பளிங்கு. ஆட்டோபைலட் விடுபட்டது. கேப்டன் ஓய்வெடுக்கப் போயிருந்தார், வலப்பக்க இருக்கையில் ஓட்டிக்கொண்டிருந்தவர் 32 வயது இணை விமானி. விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. அவர் சாய்வைச் சரிசெய்தார், கூடவே பின்னால் இழுத்தார். விமானம் கிட்டத்தட்ட 38,000 அடிக்கு ஏறியது. ஸ்டால் எச்சரிக்கை 54 விநாடி விடாமல் அலறியது. வேகம் காட்டும் கருவிகள் ஒரு நிமிஷத்துக்குள் சரியாகிவிட்டன. அப்போதும் கை விடவில்லை. விமானத்தின் மூக்கு மேலே பார்த்திருக்க, உடம்பு நிமிஷத்துக்கு 10,000 அடிக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. எச்சரிக்கையிலும் ஒரு கொடுமை இருந்தது. கணினிக்கு வந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனால் அது கோணத்தை நம்பாது, எச்சரிக்கை நின்றுவிடும். ஆகவே இழுத்தபோது அலறல் ஓய்ந்தது. சற்றே தள்ளியபோது மறுபடி அலறியது. சரியானதைச் செய்தால் கத்துகிறது, தப்பைச் செய்தால் சும்மா இருக்கிறது. இருட்டில், பயத்தில், அந்தப் பையன் என்ன முடிவுக்கு வருவான்?

அந்த விமானத்தில் யோக் கிடையாது. இருவர் பக்கத்திலும் தனித்தனியாக ஒரு சிறு கைப்பிடி. ஒன்று அசைந்தால் மற்றது அசையாது. பக்கத்தில் இருப்பவர் இழுக்கிறாரா தள்ளுகிறாரா என்று கைக்குத் தெரியாது. 10,000 அடிக்குக் கீழே வந்த பிறகுதான், தான் இவ்வளவு நேரமும் பின்னால் இழுத்தபடியே இருப்பதை அவர் வாய்விட்டுச் சொல்கிறார். திரும்பி வந்திருந்த கேப்டன், ஏறாதே ஏறாதே என்கிறார். அதற்குள் நேரமில்லை. ஆட்டோபைலட் விடுபட்டதிலிருந்து கடல்வரை 4 நிமிஷம் 23 விநாடி.

என் கேப்டனின் யோக் என் யோக்கோடு இணைந்திருந்தது. நான் இழுப்பதை அவர் உள்ளங்கை உணர்ந்தது. எனக்கும் அந்த இளைஞருக்கும் நடுவே நான் காணும் வித்தியாசம் அதுவும், பக்கத்து இருக்கையில் கிரண் ஓட்டிய ஒருவர் இருந்ததும்தான்.

அறிக்கை வந்த வாரம் விமானிகள் அறையில் ஒரே பேச்சு. ஸ்டால் ஆகும்போது எவனாவது இழுப்பானா, முதல் வகுப்புப் பாடம் ஆயிற்றே என்றார்கள். சிரித்தவர்களும் உண்டு. நான் எழுந்து வெளியே போனேன். அன்று பேசியிருக்க வேண்டும், பேசத் துணியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். அவர் முட்டாள் இல்லை. உயரத்தில் கையால் ஓட்டுவதற்கும், அங்கே வேகம் தெரியாமல் போனால் செய்ய வேண்டியதற்கும் அந்த இரண்டு இணை விமானிகளுக்கும் பயிற்சியே தரப்படவில்லை என்று அந்த அறிக்கையே சொல்கிறது. 228 பேரின் சாவுக்கு ஒரு கையைக் காட்டிவிட்டுப் போவது சுலபம். அந்தக் கையைப் பழக்கியது யார் என்று கேட்காமல் போனால் அடுத்த கை தயாராகிக்கொண்டிருக்கும்.

அதற்கு முன்னாலும் தயாராகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1974 டிசம்பர் 1, அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று, பயணிகள் இல்லாமல் மூன்று பேரோடு பஃபலோவுக்குப் போனது. பிட்டோ குழாய்ச் சூட்டைப் போட மறந்திருந்தார்கள். பனி அடைத்து, வேகம் கூடுவதாகக் கருவி காட்டியது. மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார்கள். ஷேக்கர் ஆடியபோது அதை அதிவேகத்தால் வரும் அதிர்வு என்று எடுத்துக்கொண்டார்கள். 24,800 அடியிலிருந்து விழுந்தார்கள். 2005 ஆகஸ்ட் 16, என் ராத்திரிக்கு இரண்டு மாதம் முன்னால், வெஸ்ட் கரீபியன் நிறுவனத்தின் எம்டி-82 வெனிசுவேலாவில் 33,000 அடியிலிருந்து விழுந்தது. தரைவரைக்கும் மூக்கு மேலேதான். 160 பேர். அந்தச் செய்தியை நான் அப்போது நாளிதழில் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

2014 டிசம்பர் 28-ல் சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா விமானம் ஜாவா கடலில் விழுந்தது, 162 பேர். அங்கே கேப்டன் இந்தோனேசியர், துணை விமானி பிரெஞ்சுக்காரர். துணை விமானி பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார். கேப்டன் ஆங்கிலத்தில் ‘புல் டவுன்’ என்றார். இழு, கீழே. எந்தப் பக்கம்? கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுத்தால் மூக்கு மேலேதான் போகும். கை இழுத்தபடியே இருந்தது. இதைப் படித்த அன்று என் கேப்டனுக்குத் தொலைபேசினேன். “சார், அன்னைக்கு நீங்க தமிழ்ல சொன்னதாலதான் என் கை விட்டுச்சு” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நான் தமிழ்லயா சொன்னேன்? எனக்கு ஞாபகம் இல்லீங்களே” என்றார்.

இப்போது பயிற்சி மாறியிருக்கிறது. 2012-ல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு, உயர இழப்பை அளவுகோலாக வைக்காதே, முதலில் கோணத்தைக் குறை என்று வழிகாட்டுதலைத் திருத்தியது. 2014-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. சிமுலேட்டர்களும் ஸ்டாலின் உள்ளே என்ன நடக்கும் என்று கற்றுக்கொண்டன. நான் பறப்பதைக் குறைத்துக்கொண்டு பயிற்சி தருபவனானேன். வருகிறவர்களை 36,000 அடிக்கு அழைத்துப் போகிறேன். ராத்திரி ஆக்குகிறேன். பேச்சுக்கொடுத்து, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டு, அவர்கள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து வேகத்தை எடுத்துவிடுகிறேன். புத்தகம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான். முதல் தடவை பெரும்பாலோர் இழுக்கிறார்கள். நான்காவது ஐந்தாவது தடவையில் உள்ளங்கை முன்னால் போகத் தொடங்கும். விமானம் கீழே பாய, பெல்ட்டில் உடம்பு தொங்குவதுபோல் தோன்ற, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். நாகர்கோவில், 24 வயது, வகுப்பில் முதல். முதல் சுற்றில் ஸ்டால் ஆகி 9,000 அடி விழுந்தாள். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மேசையில் நான் விரித்து வைத்திருந்த அவளுடைய வரைபடத்தைப் பார்த்தாள். நான்காவது கோட்டில் விரலை வைத்து, அது ஏறி நிற்கும் இடத்தை இரண்டு தடவை தடவினாள்.

“நான் இழுக்கவே இல்ல சார்” என்றாள். கண் கலங்கிவிட்டது. “சத்தியமா இழுக்கல. மெஷின்ல ஏதோ தப்பு.”

நான் பையைத் திறந்து என் தாளை எடுத்தேன். மடிப்பு நைந்து நடுவில் கிழிந்திருக்கிறது, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறேன். அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்து நீவிவிட்டேன். அவள் தேதியைப் படித்தாள், பிறகு குனிந்து விநாடிகளை எண்ணத் தொடங்கினாள்.